ஸப்வானின் தலைக்குப் பின்னால்

அறுபத்துமூன்று பேரின் அறிக்கையில் ஒரே எண் இருந்தது. +0.03.

முதலில் அதைக் கண்டது பர்ஹா என்ற மாணவியின் அறிக்கையில். அப்போது அதில் வியப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மெல்லிய கம்பி ஒன்றின் விட்டத்தை மைக்ரோமீற்றரால் அளந்து, அந்த உலோகம் எவ்வளவு இழுபடும் என்று கணிக்கும் செய்முறை அது. மைக்ரோமீற்றரை வெறுமையாக மூடினால் பூச்சியம் காட்ட வேண்டும். பழைய கருவிகள் காட்டுவதில்லை. கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ காட்டும். அதற்குப் பெயர் பூச்சிய வழு. ஒவ்வொரு கருவிக்கும் அது வேறு. முதலில் அதைக் குறித்துக்கொண்டு, பிறகு எடுக்கும் அளவுகளை அதற்கேற்பத் திருத்த வேண்டும். பர்ஹா குறித்திருந்தாள். திருத்தியும் இருந்தாள். சரி போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

இருபதாவது +0.03 வந்தபோது சிவப்புப் பேனையை மூடி வைத்தேன்.

நான் இந்தத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தற்காலிகப் போதனாசிரியை. பௌதிகத்தில் பட்டம் எடுத்து ஒன்றரை வருடம். காலையில் வெள்ளவத்தையில் ரயில் ஏறி இரத்மலானையில் இறங்குவேன். முதலாம் வருடத்தாருக்குச் செய்முறை காட்டுவதும் அவர்களுடைய அறிக்கைகளைத் திருத்துவதும் என் வேலை. போன வருடம் நூற்றிருபது பேர் இருந்தார்கள். பரீட்சைகள் பிந்தியதால் இரண்டு தொகுதிகளைச் சேர்த்து எடுத்தார்கள். இந்த வருடம் முந்நூற்றுப் பன்னிரண்டு. மேசைகள் மட்டும் அதே ஐந்து. மைக்ரோமீற்றர்களும் ஐந்து. நான்கு நாட்களுக்குப் பிரித்தாலும் ஒரு நாளைக்கு எழுபத்தெட்டுப் பேர், ஒரு மேசையைச் சுற்றிப் பதினைந்து பதினாறு பேர். முன்னால் நிற்கும் இருவர் அளப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்கள் முதுகுகளைப் பார்ப்பார்கள். அதற்கும் பின்னால் நிற்பவர்கள் போனைப் பார்ப்பார்கள்.

தவணை முடிவில் மாணவர்கள் பெயர் போடாமல் நிரப்பும் கருத்துப் படிவத்தில், "மிஸ் பலகையோட கதைக்கிறா" என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். எழுபத்தெட்டு முகங்களைவிடப் பலகை எனக்குச் சுலபம்.

அறிக்கைகளை மேசையில் இரண்டாகப் பிரித்து அடுக்கினேன். +0.03 உள்ளவை ஒரு பக்கம். மற்றவை மறு பக்கம். எண்ணிக் கொண்டிருந்தபோது துறைத் தலைவர் கலாநிதி பதியுதீன் உள்ளே வந்தார்.

"என்ன மகள், மார்க்ஸ் இன்னும் முடியல்லயா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு அது புதினமாக இருந்தது. சொன்னேன்.

அவர் நின்றபடியே நாலைந்து அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"கொப்பி. வேற என்ன? போன மாசமும் அசைன்மென்ட்ல இதே வேலை. பேர் லிஸ்ட்ட எழுதித் தாங்க. அறுவத்திமூணு பேருக்கும் இந்தச் செய்முறை பூச்சியம். அடுத்த பெட்ச்சோட வந்து திரும்பச் செய்யட்டும். யார் குடுத்த எண்ணு எண்டும் விசாரிக்கணும். அவன டிசிப்ளினரி போர்டுக்கு அனுப்பணும்."

"சேர், மற்ற எண்கள் ஒண்டும் ஒரே மாதிரி இல்லை."

என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் குனிந்தார்.

"என்ன?"

"கொப்பி அடிச்சிருந்தா எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இதில விட்டம் வேற வேற. நீட்சி வேற வேற. விடையும் வேற. பூச்சிய வழு மட்டும்தான் ஒண்டு."

அவர் திரும்பவும் இரண்டை எடுத்து வெளிச்சத்தில் அருகருகே பிடித்தார். அவரும் ஒருகாலத்தில் ஆய்வுகூடத்தில் நின்றவர்தான்.

"அப்ப அந்த ஒரு எண்ணு எங்கிருந்து வந்த?"

"தெரியேல்லை சேர்."

"கண்டுபிடிச்சிட்டு வாங்க. திங்கள் காலையில போர்டு மீட்டிங். அதுக்கு முந்திச் சொல்லல்ல எண்டா லிஸ்ட் போகும். உங்கட கொன்ட்ராக்ட புதுப்பிக்கிறதும் அண்டைக்குத்தான் வருது, நல்லா இருக்கட்டும்."

அன்று வியாழக்கிழமை.

அவர் போனதும் ஆய்வுகூடத்துக்குப் போனேன். தொழில்நுட்ப உத்தியோகத்தர் மெற்றில்டா அக்கா கம்பிச் சுருள்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தா. இருபத்திரண்டு வருடம் அந்த அறையில் வேலை செய்பவ. கொட்டாஞ்சேனையிலிருந்து வருபவ.

ஐந்து மைக்ரோமீற்றர்களையும் வாங்கி வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தேன். முதலாவது சரியாகப் பூச்சியம். இரண்டாவது +0.01. மூன்றாவது −0.02. நாலாவது +0.05. ஐந்தாவது −0.01. திரும்பவும் பார்த்தேன். துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

"என்ன மிஸ், நகைக்கடைக்காரன் மாதிரி ஒற்றைக் கண்ணால பார்க்கிறீங்க?"

"அலுமாரியில வேற இருக்கா அக்கா?"

"மூண்டு கிடக்கு. ஒண்டு இறுகிப் போச்சு. பரேட்டில நிக்கிற கேணல் மாதிரி, திரும்பாது."

இறுகாத இரண்டில் ஒன்று பூச்சியம், மற்றது +0.02.

ஆக, இந்த ஆய்வுகூடத்தில் எந்தக் கருவியும் +0.03 காட்டவில்லை. இல்லாத ஒரு கருவியால் அறுபத்துமூன்று பேர் அளந்திருக்கிறார்கள். எனக்குப் பயம் இருந்தது, உண்மை. ஆனால் பயத்தைவிட அந்தக் கேள்வி பெரிதாக இருந்தது.

அறிக்கைகளை மெற்றில்டா அக்காவிடம் இரவல் எடுத்த மீன் வாங்கும் பை ஒன்றில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். வெள்ளிக்கிழமை லீவு. அன்று பகல் முழுவதும் அவற்றோடு இருந்தேன். இம்முறை +0.03 உள்ளவற்றை விட்டுவிட்டு, இல்லாதவற்றைப் படித்தேன்.

இருநூற்று நாற்பத்தொன்பது அறிக்கைகள். அதில் நூற்றுத் தொண்ணூற்றாறு பேர் பூச்சிய வழு என்ற வரியை வெறுமையாக விட்டிருந்தார்கள். மீதி ஐம்பத்துமூன்று பேர் தங்கள் கருவியின் சரியான எண்ணை எழுதியிருந்தார்கள், ஆனால் அதில் பாதிப் பேர் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருந்தார்கள்.

+0.03 எழுதிய அறுபத்துமூன்று பேரும் கழித்திருந்தார்கள். ஒருவர்கூடப் பிழை விடவில்லை. சிலர் ஏன் கழிக்கிறோம் என்று பக்கத்தில் ஒரு வரி வேறு எழுதியிருந்தார்கள்.

எண் பிழை. ஆனால் அந்த எண்ணை என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரோ மிக நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது நான் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

பெயர்களைப் பார்த்தேன். ஏறத்தாழ எல்லாம் தமிழ் பேசுகிற பிள்ளைகள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, பதுளை, புத்தளம், கொழும்பு. நான்கு நாட்களிலும் கலந்து வந்தவர்கள். இடையில் இரண்டு மூன்று சிங்களப் பெயர்களும் இருந்தன.

மெற்றில்டா அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"தமிழ்ப் பிள்ளையள் எல்லாம் ஒண்டாச் சேருற இடம் ஏதும் இருக்கா அக்கா?"

மறுபக்கத்தில் சிரிப்பு.

"எங்கட கோயில் மண்டபத்துச் சாவி ஆரிட்ட இருக்கு எண்டு நினைக்கிறீங்க? சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வாங்க. நான் சொன்னன் எண்டு சொல்லாதேங்க. டோய்லட் கழுவாமப் போறாங்க எண்டு ஃபாதர் ஏற்கெனவே சண்டை."

குப்பி நடக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. விரிவுரையில் விளங்காததை ஒரு மாணவன் மற்ற மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வகுப்புக்கு இலங்கைப் பல்கலைக்கழகங்களில் குப்பி என்று பெயர். குப்பி விளக்கைச் சுற்றி இருந்து படித்த காலத்தில் வந்த பெயர் என்பார்கள். நானும் குப்பியில்தான் பாஸ் பண்ணினேன். சொல்லிக் கொடுத்ததில்லை. பின்வரிசையில் இருந்து எழுதியிருக்கிறேன்.

சனிக்கிழமையும் பின்வரிசையில்தான் இருந்தேன். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. மண்டபத்தில் பிளாஸ்ரிக் கதிரைகள், ஒரு பெரிய மின்விசிறி, முன்னால் ஒரு வெள்ளைப் பலகை. எழுபது பேர் இருப்பார்கள். முகத்தைக் குனிந்துகொண்டேன். எனக்கும் அவர்களுக்கும் நாலைந்து வயதுதான் வித்தியாசம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முன்னால் நின்றவன் ஜெனிஸ்டன். செய்முறை நாட்களில் மேசைக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் நிற்கிறவன். அவன் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை.

"டேய் ஸப்வான், தலையைக் குனியடா. உன்ர கொண்டைக்குப் பின்னால ஹெந்தளைப் பெடியள் முழுக்க மறையுறாங்கள்."

"ஹெந்தளைய மறைக்கல்ல மச்சான். ஹெந்தளையே நான்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த நெட்டையான பையன், தலை நிறையச் சுருள் முடியோடு, கதிரையில் கொஞ்சம் வழுகி இருந்தான்.

ஜெனிஸ்டன் அடுத்த கிழமைக்கான செய்முறையைத் தொடங்கினான். அதற்கு முன் பழையதை ஒருதரம் மீட்டினான். ஒரு கலண்டர் தாளைக் குழலாகச் சுருட்டினான். அதற்குள் இன்னொரு குழலை நுழைத்தான். கடைசி வரிசைக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்துத் திருப்பினான். அதுதான் மைக்ரோமீற்றர்.

"கடைக்காரன்ட தராசில ஒண்டும் வைக்க முந்தியே முள்ளு மூண்டு கிராம் காட்டுது. நீ அரிசி வாங்கினா என்ன செய்வாய்? சண்டை பிடிப்பாய். ஏன்? அந்த மூண்டு கிராம் அரிசி இல்லை. அப்ப கழி. முள்ளு பூச்சியத்துக்குக் கீழ நிண்டா?"

"கூட்டு!" என்றது மண்டபம்.

"கடைக்காரன் சண்டை பிடிப்பான்," என்றான் ஸப்வான்.

பக்கத்தில் இருந்த பர்ஹா, தனக்கு அருகில் இருந்த சிங்களப் பெண்ணுக்கு அதைச் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னாள். அந்தப் பெண்ணும் பிந்திச் சிரித்தாள்.

இவ்வளவு சுலபமா என்று எனக்குள் ஒன்று கேட்டது. நான் அதைப் பலகைக்கு இருபது நிமிடம் விளக்கியிருக்கிறேன்.

பிறகு ஜெனிஸ்டன் பலகையில் எழுதினான். பூச்சிய வழு = +0.03.

கை உயர்த்தியது நான் என்று எனக்கே பிந்தித்தான் தெரிந்தது.

"அந்த எண் எங்கயிருந்து?"

எழுபது தலைகள் திரும்பின. ஸப்வானின் தலையும். பர்ஹா முதலில் அடையாளம் கண்டாள். "அல்லாஹ், மிஸ்!" என்றாள். கதிரைகள் கிறீச்சிட்டன. யாரோ பைக்குள் குறிப்புக் கொப்பியைத் திணிப்பது தெரிந்தது. ஜெனிஸ்டன் கையில் காகிதக் குழலோடு அப்படியே நின்றான்.

"நான் ஒண்டும் செய்ய வரேல்லை," என்றேன். "எனக்கு அறிய வேணும். அவ்வளவுதான்."

"லாபில குடுத்ததுதானே மிஸ்."

"ஆர் குடுத்தது?"

ஜெனிஸ்டன் போனை எடுத்துத் தேடினான். வரிசைகளுக்கிடையால் வந்து என் கையில் தந்தான். ஒரு படம். அவர்களுடைய வட்ஸ்அப் குழுவில் முதல் திங்கட்கிழமை போட்டது. கூட்டத்துக்குப் பின்னால் நின்று, கையை உயர்த்தி எடுத்த படம். தோள்கள், காதுகள், அவற்றுக்கு மேலால் ஆய்வுகூடத்துப் பலகை. பலகையில் என் கையெழுத்து. பூச்சிய வழு = +0.03 mm. அந்த வரியின் தொடக்கத்தை ஒரு பெரிய சுருள் முடித் தலை மறைத்திருந்தது.

அந்தத் தலைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அங்கே நான் ஆங்கிலத்தில் 'உதாரணம்' என்று எழுதியிருந்தேன்.

போன வருடம் அப்படி எழுதத் தேவை இருக்கவில்லை. ஆறேழு பேர் நிற்கும் மேசையில் கருவியையே கையில் கொடுத்துவிடலாம். இந்த வருடம் முதல் நாளில் எழுபத்தெட்டுப் பேரைக் கண்டதும் திரும்பிப் பலகையில் மனதில் வந்த ஒரு எண்ணை எழுதினேன். வாயால் சொன்னேனா? சொல்லியிருப்பேன். பலகைக்கு. பிறகு அதை மறந்தே போனேன்.

"பிழையா மிஸ்?" என்றான் ஜெனிஸ்டன்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். எழுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கோ," என்று மட்டும் சொன்னேன்.

வெளியே வந்தபோது மெற்றில்டா அக்கா வாசலில் சாவிக்கொத்தோடு நின்றா. என் முகத்தைப் பார்த்தா. "பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க," என்றா. நான் குடிக்கவில்லை.

பஸ்ஸில் யன்னலோரம் இருந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சின்னதாக்கிப் பார்த்தேன். வேறு விளக்கம் ஏதும் இருக்குமா என்று தேடினேன். ஒரு பரிசோதனை முடிவு பிடிக்காவிட்டால் அப்படித்தான் தேடுவோம். திங்கட்கிழமை நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லலாம். லிஸ்ட் போகும். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். ஜெனிஸ்டன் விசாரணைக்குப் போவான். தராசு முள்ளைப் பற்றிச் சொன்ன அந்தப் பையன்.

திங்கட்கிழமை எட்டரைக்குப் பதியுதீன் சேரின் அறையில் நின்றேன். பேசுவதற்குப் பதில் படத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார்.

"இது யார்ர தலை?"

"ஸப்வான் எண்டு ஒரு பிள்ளை சேர்."

"மாஷா அல்லாஹ். இந்தத் தலைக்கு உள்ளேயும் ஏதாச்சும் ஈக்கா?"

"தலைக்குப் பின்னால இருக்கிறதுதான் சேர் விஷயம்."

சொன்னேன். உதாரணம் என்ற சொல். பலகை. என் குரல். நூற்றுத் தொண்ணூற்றாறு வெறுமையான வரிகள். கழித்தலில் பிழை விடாத அறுபத்துமூன்று பேர். நடுவில் இரண்டு தரம் "சத்தமா, சத்தமா" என்றார். இரண்டாவது தரம் சொன்னபோது என் குரல் அறைக்கு வெளியே கிளார்க் இராமலெட்சுமி அக்கா திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வந்தது.

அவர் மேசையில் இருந்த செய்முறை நேரசூசியை இழுத்துப் பார்த்தார். அதன் கீழே அவருடைய கையொப்பம் இருந்தது. எழுபத்தெட்டு, ஐந்து என்ற எண்களும் அதில்தான் இருந்தன.

"போர்டுல நான் என்ன சொல்ல? போதனாசிரியர்ர பிழை எண்டு எழுத்துல குடுப்பீங்களா?"

"ஓம்."

"கொன்ட்ராக்ட்டுக்கு அது நல்லமில்ல. தெரியும்தானே?"

"தெரியும் சேர்."

"சரி. எழுதுங்க." ஒரு தாளை நீட்டினார். "அந்தப் பிள்ளைகள என்ன செய்ற? பிழையான எண்ணுக்கு மார்க் போட ஏலாது."

அதற்கு நான் ஞாயிற்றுக்கிழமையே கணக்குப் பார்த்திருந்தேன். "நாலு நாலு பேராத் திரும்பச் செய்யலாம் சேர். பதினாறு குழு. ஒரு தரத்துக்கு அஞ்சு மேசை. நாலு தரம். சனிக்கிழமையில நான் வாறன்."

"மத்த இருநூத்தி நாப்பத்தொம்பது பேர்?"

"அவைக்கும் விளங்கேல்லைத்தான் சேர்."

"அத என்ட கிட்டக் கேக்க வாணாம்," என்றார். ஆனால் அந்த எண்ணை நேரசூசியின் மூலையில் பென்சிலால் எழுதிக்கொண்டார்.

நான் தாளில் எழுதிக் கையொப்பம் வைத்தேன். அறுபத்துமூன்று பேரின் லிஸ்ட் அன்று போகவில்லை. என் ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு மட்டும் நீடிக்கப்பட்டது. வழமையாக ஒரு வருடம்.

முதல் சனிக்கிழமை இருபது பேர் வந்தார்கள். நான் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"உங்கட பிழை இல்லை," என்றேன். "அந்த +0.03 நான் சும்மா எழுதின உதாரணம். படத்தில அந்தச் சொல்லு தெரியேல்லை."

"அப்ப என்ட தலைதான் குற்றவாளி," என்றான் ஸப்வான்.

"மொட்டை அடியடா," என்றது பின்னால் ஒரு குரல். பின்னால் என்றால் இரண்டாவது வரிசை. அதற்குப் பின்னால் யாரும் இல்லை.

மூன்றாவது மேசைக்கு ஜெனிஸ்டன், பர்ஹா, இன்னும் இரண்டு பேர். மைக்ரோமீற்றரை ஜெனிஸ்டனிடம் நீட்டினேன். அவன் அதை உடனே வாங்கவில்லை. கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான். வாங்கி, எடையைப் பார்ப்பதுபோல் உள்ளங்கையில் வைத்திருந்தான்.

"என்ன?"

"முதல் தரம் தொடுறன் மிஸ்."

"செய்முறை அண்டைக்கு?"

"மூண்டாவது லைன். முதுகுதான் தெரிஞ்சது. யூடியூப்ல பார்த்துத்தான் குப்பி எடுத்தனான்."

அவன் பெரிய உருளையைப் பிடித்து இறுக்கமாகத் திருப்பத் தொடங்கினான். முதல்முறை தொடுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நானும் செய்தேன். அவன் விரலை எடுத்து நுனியில் இருக்கும் சின்னத் திருகில் வைத்தேன். அதைத்தான் திருப்ப வேண்டும். இரண்டு முகங்களும் தொட்டதும் அது இறுகாமல் தானாக வழுக்கும். அப்போது ஒரு சத்தம் வரும்.

டிக். டிக். டிக்.

அவன் தலையை நிமிர்த்தினான்.

"இந்தச் சத்தம் வீடியோவில இல்லையே மிஸ்."

"பாட்டுப் போட்டிருப்பாங்க," என்றாள் பர்ஹா. "இங்க தா, நானும் பார்க்கணும்."

"பொறு. முதல்ல வாசிக்கட்டும்." அவன் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கோடுகளை எண்ணினான். ஒருதரம் எண்ணி, நம்பாமல் திறந்து, திரும்ப மூடினான். டிக், டிக், டிக். பக்கத்து மேசையிலிருந்தும் அதே சத்தம் வரத் தொடங்கியிருந்தது.

"மைனஸ் பூச்சியம் தசம் பூச்சியம் இரண்டு," என்றான். "அப்ப கூட்ட வேணும்."

அவன் எழுதட்டும் என்று அடுத்த மேசைக்குப் போனேன்.